பிறந்த இடம் என்ற கட்டத்தில் நான் எழுதியது

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய செல்லாயி அக்கா,

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. முப்பதாம் நாள் காரியத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவன்தான், அதன் பிறகு லய வரிசையில் உங்கள் காம்பரா வீட்டுப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம் என்று உங்கள் மகள் சரசுவிடம் சொல்லிவைத்திருந்தேன். இருபத்தைந்து பிள்ளைகளும் ஒரு கரும்பலகையும் உள்ள தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து மாதமாக அப்படி என்ன வேலை என்று நீங்கள் இருந்தால் கேட்டிருப்பீர்கள். சரசு கேட்கவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றைப் பதினொரு வருஷமாகச் சொல்லாமல் மறைத்தவன் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

முதலில் தோட்டத்துச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். இந்த முறை மழை நேரத்துக்கு வந்தது, மேல் மலையில் கொழுந்து பொங்கிக் கிடக்கிறது. உங்கள் பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. முதலாம் வகுப்பில் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். வட்டகொடைக் கடை நானா என்னைக் காணும்போதெல்லாம் உங்கள் பேச்சைத்தான் எடுக்கிறார். ஒரு பிடி மல்லியை மோந்து பார்த்து, "இது போன வருசத்துச் சரக்கு நானா" என்று சாக்கிலேயே திருப்பிப் போடுகிற ஆள் இப்போது கடைக்கு வருவதில்லையாம்.

தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையும் மாறிப் புதியவர் வந்திருக்கிறார். இவர் வெள்ளைக்காரர் இல்லை, கண்டிப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசுவார். வந்த இரண்டாம் மாதமே தேயிலை அரைக்கிற ஸ்டோரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் ஒரு மூலையைப் பலகை வைத்து அடைக்கச் சொன்னார். தோட்டத்தில் கிடக்கிற பழைய சாமான்களையெல்லாம் சேர்த்து அங்கே காட்சிக்கு வைக்க வேண்டுமாம். தேயிலை வாங்க வருகிறவர்களும் பார்க்கலாம், நம் பிள்ளைகளும் பார்க்கலாம் என்றார். ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் இது என்ன, யார் பாவித்தது என்று அழகாக ஓர் அட்டை எழுதி வைக்க வேண்டும். அழகாக எழுத இந்தத் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள்? ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயா என்னைக் கை காட்டினார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

சாமான்கள் எப்படி வந்து சேர்ந்தன என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மெஷின் இல்லாத காலத்தில் கையால் தேயிலை உருட்டிய பள்ளம் வெட்டின பலகை கோழிக்கூட்டுக்கு அடியிலிருந்து வந்தது. பெட்டிகளில் தோட்டத்துப் பேரைக் குத்துகிற தகர அச்சு ஒரு வீட்டில் அடுப்புக்குக் காற்று மறைவாக இருந்தது. ஆட்களுக்கு நம்பர் போட்டுக் கொடுத்த பித்தளை வில்லையை ஒரு அம்மா தாலிக்கயிற்றிலிருந்து அவிழ்த்துத் தந்தார், திருப்பித் தரவேண்டும் என்று மூன்று முறை சொன்னார். பள்ளிக்கூடத்தின் பங்குக்கு நான் உடைந்த சிலேட்டுகளையும், மணியாக அடித்த தண்டவாளத் துண்டையும், பிள்ளைகளைச் சேர்க்கும்போது பேர் பதிகிற சேர்வு இடாப்பையும் கொண்டுபோனேன்.

அந்த இடாப்பைத் துரை மேசையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எழுத்தை மட்டும் ரசித்தார். "அச்சடிச்ச மாதிரி இருக்கு, மாஸ்டர்" என்றார். கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்வித்து, நடுவில் அதை விரித்து வைத்துப் பூட்டினார். விரித்து வைத்த முதல் பக்கத்தில் இருபதாவது வரி உங்களுடையது, அக்கா.

அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதைப் பத்திரிகைக்கே அனுப்பப் போகிறேன். எழுதிப் பெட்டிக்குள் வைத்தால் அதுவும் இன்னொரு மறைப்பாகத்தானே இருக்கும்.

சுதந்திரம் கிடைத்த அடுத்த வருஷம். பெரிய வாத்தியார் சவரிமுத்து இறந்து, பள்ளிக்கூடம் என் கைக்கு வந்த புதிது. எனக்கு இருபத்து நாலு வயது, மீசை கூடச் சரியாக வரவில்லை, ஆனால் கர்வம் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பரிசோதகர் வருகிறார் என்று கடிதம் வந்திருந்தது. பெரிய வாத்தியாருடைய இடாப்பைத் திறந்தால் கூரை ஒழுகி நனைந்து, கரையான் அரித்து, ஓரமெல்லாம் உதிர்கிறது. அதைப் புதுப் புத்தகத்தில் சுத்தமாகப் பெயர்த்து எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

பேர், தாய் தகப்பன் பேர், சேர்ந்த தேதி, பிறந்த இடம். கடைசிக் கட்டத்தில் பெரிய வாத்தியார் எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதியிருந்தார். 'இத்தோட்டம், இரண்டாம் லயம்.' 'இத்தோட்டம், ஐந்தாம் லயம்.' பக்கம் பக்கமாக லயம், லயம், லயம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கூசியது. அதற்கு முந்தின மாதம்தான் ஹட்டனில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் டவுன் வாத்தியார் ஒருவர் என்னைக் காட்டி, "இவரும் லயத்தில் பிறந்தவர்தான், ஆனால் நன்றாகப் பேசுகிறார்" என்று இன்னொருவரிடம் மெச்சிக்கொண்டார். மெச்சினாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

நம் ஆட்களுக்கு ஊர் இல்லையா? கல்யாணம் பேசினால் முதல் கேள்வி அதுதானே. காமன்கூத்தில் மரியாதை செய்யும்போதும், செத்த வீட்டில் தப்படித்துச் சொல்லும்போதும் ஊர்ப் பேரோடுதானே சொல்கிறோம். முசிறிக்காரர், நாமக்கல்லுக்காரர், துறையூர்க்காரர். கடலையே பார்க்காத பிள்ளை கூட அதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும். சரி, என் புத்தகத்தில் எல்லாருக்கும் அவரவர் ஊரையே கொடுத்துவிடுகிறேன் என்று நினைத்தேன். பிறந்த இடம் வேறு, பூர்வீகம் வேறு என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். பரிசோதகர் புத்தகத்தைத் திறக்கும்போது நாங்கள் லயத்திலிருந்து முளைத்தவர்கள் இல்லை என்று அவருக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

சாயந்தரச் சாயந்தரம் லயம் லயமாகப் போய்க் கேட்டேன். வேலைவிட்டு வந்தவர்கள் முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு வந்து சொன்னார்கள். உங்களிடம் கேட்டபோது நீங்கள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். துறையூர்ப் பக்கம் என்று ஆத்தா சொல்லும், ஆத்தாவையே அங்கேயிருந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்களாம் என்று சொல்லிச் சிரித்தீர்கள். எதற்கு என்று கேட்கவில்லை. அடுத்த காம்பராத் தம்பி, தாயில்லாத பிள்ளை என்று நீங்கள் சோறு போட்டு வளர்த்தவன், கேட்டால் நல்லதுக்குத்தான் கேட்பான் என்று நம்பினீர்கள்.

எழுதி முடித்த பிறகு பழைய இடாப்பை என்ன செய்வது? வைத்திருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. அதைச் சாக்குத் துண்டில் சுற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோனேன். நீங்கள் தேயிலைத் தூசிக்கு மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தரம் பிரிக்கிற இடத்தில் நின்றீர்கள். "என்ன தம்பி, வாத்தியாரு வேல போதும்னு வெறகு தூக்க வந்துட்டியா?" என்றீர்கள். பழைய குப்பை அக்கா என்றேன். நீங்கள்தான் அடுப்புக்காரரைக் கூப்பிட்டு, தம்பிக்குக் கதவைத் திறந்துவிடச் சொன்னீர்கள். தேயிலை காய வைக்கிற அந்தப் பெரிய அடுப்புக்குள் நான் அதைப் போட்டேன். ஈரக் காகிதமானதால் பற்றிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

பரிசோதகர் வந்தார். என் எழுத்தைப் பாராட்டினார். ஊர்ப் பேர்களை அவர் வாசிக்கவே இல்லை.

அதே காலத்தில்தான் நம் ஆட்களை இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்றார்கள். வேண்டுமானால் மனுப் போடு, விடாமல் இங்கேயே இருந்ததற்குக் கடதாசி காட்டு என்றார்கள். கடதாசிக்கு நாம் எங்கே போவோம்? எனக்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவு இருந்தது. சாமியார் ஒரு பிரதி எழுதித் தந்தார், என் காரியம் முடிந்தது. உங்கள் பிறப்பை யாரும் பதியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் மாமாவும் மனுப் போடும் முன்பே இறந்துவிட்டார். உங்களுக்கென்று எழுத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, மூன்றாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடத்தின் இடாப்பு. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போன பெண்பிள்ளைகள் இந்தத் தோட்டத்தில் எத்தனை பேர்? அதை நீங்கள் பெருமையாக மனுவில் எழுதச் சொன்னீர்கள். எழுதியவனும் நான்தான். அப்போது கூட எனக்கு உறைக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? உறைத்தது. யார் அவ்வளவு தூரம் பார்க்கப் போகிறார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

விசாரணைக்குக் கூப்பிட நாலைந்து வருஷமானது. வட்டகொடையில் ரயிலேறி, நானுஓயாவில் இறங்கி, பஸ்ஸில் நுவரெலியாவில் இருந்த விசாரணை ஆபீசுக்குப் போனோம். நீங்கள் சரசு கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தீர்கள். இடாப்பு என் மடியில் இருந்தது. கொண்டுவரச் சொல்லி எனக்கும் கடிதம் வந்திருந்தது.

அந்தக் கந்தோரில் நீங்கள் கதவுப் பக்கம் நின்றீர்கள், புத்தகம் அதிகாரி மேசையில் இருந்தது. அவர் இங்கிலீஷில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். இந்தத் தோட்டத்தில் பிறந்ததாக மனுவில் இருக்கிறது, இடாப்பில் துறையூர் என்று இருக்கிறது. துறையூரில் பிறந்தவர் என்றால் எந்த வருஷம், எந்தக் கப்பலில் வந்தார், அதற்குப் பத்திரம் எங்கே?

"நான் கப்பலையே கண்டதில்லீங்க ஐயா. ஸ்டோர்ல மெஷின் ஏத்துன அன்னிக்கு, நாலாம் நம்பர் லயத்துல பொறந்தவ நான்" என்றீர்கள்.

மெஷின் ஏற்றிய நாள் என்றால் என்ன தேதி என்று கேட்டார்கள். நம் ஆட்கள் வருஷத்தை அப்படித்தானே கணக்கு வைக்கிறோம், பெரிய மெஷின் வந்த வருஷம், பாலம் இடிந்த வருஷம் என்று. அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த மேசைக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். இது உங்கள் பாடசாலை இடாப்புத்தானா என்றார். ஆம் என்றேன். இதில் உள்ளது சரிதானா என்றார்.

அக்கா, அந்த ஒரு நிமிஷத்தை நான் எத்தனை தரம் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? இல்லை ஐயா, அந்தக் கட்டத்தை நான் என் வீம்புக்கு எழுதினேன், பழைய புத்தகத்தை எரித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வாத்தியார் வேலை அன்றைக்கே போயிருக்கும், மறியலில் அடைத்தும் இருக்கலாம். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். தம்பி இருக்கான், சொல்லிருவான் என்ற பார்வை அது.

"இடாப்பில் உள்ளபடிதான், ஐயா" என்றேன்.

திரும்பி வருகிற ரயிலில் நீங்கள் பணிஸ் ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை என் கையில் வைத்தீர்கள். நான் சாப்பிடவில்லை. நீங்கள் என்ன நினைத்தீர்களோ, என் முதுகைத் தடவினீர்கள்.

"நீ ஏன் தம்பி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்ற? ஒம்மேல என்ன இருக்கு? அந்தப் பெரிய வாத்தியாரு எங்காத்தா சொன்னத சரியாக் காதுல வாங்காம எழுதிப்புட்டாரு. படிச்ச மனுசன்னு நம்புனேன்."

அப்போதாவது வாயைத் திறந்தேனா? கிரேட் வெஸ்டர்ன் ஸ்டேஷன் தாண்டியது, வட்டகொடை வந்தது, இறங்கினோம், லயம் வரைக்கும் நடந்தோம். 

பெண்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கங்காணி தடுத்தபோது, உங்களுக்காக அவரோடு மல்லுக்கு நின்றவர் பெரிய வாத்தியார். கல்லறைத் திருநாளில் எங்கள் வேதக்காரர்களோடு சேர்ந்து நீங்களும் அவர் குழிக்குப் பூ கொண்டுவருவீர்கள். அந்த வருஷத்திலிருந்து வரவில்லை. அந்த மனுசனுக்கு இனிமேல் பூ எதற்கு என்று ஸ்டோரில் சொன்னீர்களாம். மனு தள்ளுபடியான கடிதம் வந்த பிறகு அவர் பேரை எடுத்தாலே உங்களுக்குக் கோபம் வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாட்டை உங்களிடமிருந்து பறித்தது போதாது என்று, உங்களுக்கு நல்லது செய்த ஒரே வாத்தியாரையும் பறித்தேன்.

இரண்டு நாட்டு அரசாங்கமும் பேசி, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று முடிவு செய்தபோது நீங்கள் ஏற்கெனவே நெஞ்சுச் சளியோடு படுத்துவிட்டீர்கள். "தொறையூருல எனக்கு யாரு தம்பி இருக்கா?" என்று கேட்டீர்கள். அப்படியெல்லாம் அனுப்ப மாட்டார்கள் அக்கா என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கடைசி வாரத்தில் இன்னொன்று கேட்டீர்கள். அந்தப் புத்தகத்தில் ஆத்தா பேர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னீர்கள். இருக்கிறது அக்கா, ராமாயி என்று இருக்கிறது என்றேன். அந்த வரியில் உண்மையாக இருந்ததை மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

இனி, பத்து நாளைக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன்.

காட்சி அறைக்கு இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று ஸ்டோர்க் கந்தோரின் மாடிப்படிக்குக் கீழே துழாவினேன். ஆணி அடித்த தேயிலைப் பெட்டி ஒன்று கிடந்தது. பள்ளிக்கூடம் அந்தக் காலத்தில் ஸ்டோரின் விறகுக் கொட்டிலில்தான் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், நீங்களே அங்கேதான் படித்தீர்கள். பழைய ஸ்டோர்ப் புத்தகங்களுக்கு நடுவே பெரிய வாத்தியாருடைய சம்பவத் திரட்டு இருந்தது. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தில் நடந்ததை வாத்தியார் எழுதி வைக்கிற புத்தகம் அது. கரையான் தொடவில்லை. தேயிலை வாசனை அப்படியே இருந்தது.

அங்கேயே குந்தி வாசித்தேன். ஸ்டோர்ச் சங்கு ஊதும்போது பிள்ளைகளை விட்டது, மழையில் கொட்டில் ஒழுகியது, பிள்ளைகளைக் கொழுந்துக்கு அனுப்பச் சொல்லிக் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு சண்டை பிடித்தது, எல்லாம் இருந்தது. பிறகு இது வந்தது.

'இன்று தரம் பிரிக்கும் ராமாயி மகள் செல்லாயியைச் சேர்த்துக்கொண்டேன். கங்காணி ஆட்சேபித்தார். புதிய உருட்டு யந்திரம் ஏற்றிய தினத்தில் நாலாம் லயத்தில் பிறந்தவள் என்று தாய் சொல்கிறாள். ஸ்டோர்ப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துத் தினத்தை நிச்சயித்துக்கொண்டேன். பிறந்த இடம் இத்தோட்டம் என்று பதிந்தேன்.'

நீங்கள் காதில் வாங்காமல் எழுதினார் என்றீர்களே, அந்த மனிதர் வாங்கிப் பார்த்து நிச்சயித்து எழுதியிருக்கிறார்.

எழுந்து அந்தப் பழைய உருட்டு மெஷினிடம் போனேன். இப்போது ஓடுவதில்லை, சாக்குப் போட்டு மூடியிருக்கிறார்கள். காலில் பச்சைப் பெயின்ட் அப்பிய ஒரு தகடு இருந்தது. பேனாக்கத்தியால் சுரண்டினேன். கம்பெனிப் பேரும் வருஷமும் இரும்பிலேயே வார்த்திருந்தது. ஸ்டோர்ப் புத்தகத்தில் அதற்கு அடுத்த வருஷம், எத்தனை ஆட்கள் சேர்ந்து இழுத்து எந்தத் தேதியில் ஏற்றினார்கள் என்றும் இருந்தது. நீங்கள் அந்தக் கந்தோரில் சொன்னது அத்தனையும் இங்கேயே, பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், எழுத்திலும் இரும்பிலும் கிடந்திருக்கிறது. பதினொரு வருஷத்துக்கு முன் இந்தப் படிக்குக் கீழே ஒரு தரம் தேடினேனா? தேட எனக்கு மனசில்லை. தேடினால் என் குட்டு அல்லவா வெளிப்படும்.

சரசு பகல் சாப்பாட்டுக்கு வெளியே வந்தாள். உங்கள் இடத்தில் இப்போது அவள்தான் தரம் பிரிக்கிறாள். அவளைக் கூப்பிட்டு, மெஷின் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இடாப்பு, அடுப்பு, விசாரணை, ரயில், ஒன்றையும் விடவில்லை. சம்பவத் திரட்டை வாசித்துக் காட்டினேன். இதை வைத்து உன் மனுவைப் பலமாகப் போடலாம், நான் சத்தியக் கடதாசி எழுதித் தருகிறேன் என்றேன்.

 கையில் இருந்த சோற்றுப் பொட்டலத்தை மெஷின் மேல் வைத்தாள். என்னைப் பிறந்ததிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"எங்கம்மா பேரு மட்டுந்தானா அந்தப் புத்தகத்துல, சார்?" என்றாள்.

இல்லை, எல்லாருடையதும் என்றேன்.

"எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுனீங்களா?"

எல்லாருக்கும் என்றேன். அதை வாயால் சொல்லும்போதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது. இத்தனை வருஷமும் உங்கள் ஒருவருக்குச் செய்த துரோகமாகவே அதை மனதில் வைத்திருந்தேன். மற்ற வரிகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருடைய மனு எந்தக் காரணத்தால் தள்ளுபடியானது என்று நான் விசாரித்ததே இல்லை.

"எங்கிட்ட ரகசியமாச் சொல்லிட்டா ஒங்களுக்கு மனசு லேசாயிரும். எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கணும். அது முடிஞ்சுபோச்சு. பெரட்டுல சொல்லுங்க சார். பேரு பேராப் படிச்சுச் சொல்லுங்க. அவங்கவங்க காதால கேக்கட்டும்."

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கேட்கிற முகமும் எனக்கு இல்லை.

நாலு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பது கௌரவமான பேச்சு, பயந்துகொண்டிருந்தேன். பெரட்டுக் களத்தில் விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்க முழுத் தோட்டமும் நிற்கும். நான் படிப்பித்த பிள்ளைகள் கொழுந்துக் கூடையோடு நிற்பார்கள், அவர்களுடைய தாய் தகப்பன் நிற்பார்கள். வாத்தியார் ஐயா என்று வழிவிடுகிறவர்கள். அவர்கள் முன்னால் போய், உங்களையெல்லாம் இந்த நாட்டில் பிறக்காதவர்களாக எழுதியவன் நான் என்று எப்படிச் சொல்வது?

ஐந்தாம் நாள் தலவாக்கலைக்குப் போய், சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசியில் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்து துரையிடம் சொன்னேன். அவர், "வேலை போகலாம், மாஸ்டர். தெரியும்தானே?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். சாவியை எடுத்து வந்து, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, இடாப்பை என் கையில் கொடுத்தார். திங்கட்கிழமை பெரட்டில் வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இன்று ஞாயிறு. பூசை முடிந்து வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இடாப்பு பக்கத்தில் விரித்துக் கிடக்கிறது. என் எழுத்து அழகாகத்தான் இருக்கிறது, அக்கா. பார்க்கவே பிடிக்கவில்லை.

நாளைக் காலை நான் போவேன். இது உங்களுக்கு நான் செய்கிற சத்தியம். பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாக வந்த பிள்ளையிலிருந்து ஒவ்வொரு பேராகப் படிப்பேன். நான் எழுதிய ஊரைச் சொல்லி, அது பொய் என்றும் சொல்வேன். யாராவது கல்லை எடுத்தாலும் பாதியில் நிறுத்த மாட்டேன். அதற்குப் பிறகு யார் யாருடைய மனு எந்தக் கந்தோருக்குப் போகிறதோ, கூப்பிட்டால் அங்கெல்லாம் போய் நின்று, இதில் உள்ளது சரி இல்லை ஐயா என்பேன். சரசுவின் மனுவுக்கு முதலில் போவேன். அவள் என்னை மறுபடி மாமா என்று கூப்பிட வேண்டும் என்று ஆசை இருக்கிறது. அதைக் கேட்கமாட்டேன்.

உங்கள் பேரை முதலில் படிக்க வேண்டும் என்றுதான் மனசு சொன்னது. ஆனால் உங்களுக்கு முன்னால் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களைத் தாண்டி உங்களிடம் வர மாட்டேன். அந்தப் புத்தகத்தில் இனி எதையும் என் இஷ்டத்துக்கு மாற்றுவதில்லை. இருபதாவதாக உங்கள் பேர் வரும். பெரட்டில் பேர் கூப்பிட்டால் ஆள் குரல் கொடுக்க வேண்டும், இல்லையா? நீங்கள் கொடுக்க மாட்டீர்கள். சரசு கொடுப்பாளோ என்னவோ. யாரும் கொடுக்காவிட்டாலும், செல்லாயி, தாய் ராமாயி, பிறந்த இடம் இந்தத் தோட்டம், நாலாம் நம்பர் லயம் என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேருக்குப் போவேன்.

நீங்கள் சோறு போட்டு வளர்த்த,
அடுத்த காம்பராத் தம்பி,
ஞானப்பிரகாசம்